கருவி நகர்த்தப்பட்டதா?

மரக்காணம்
8 பிப்ரவரி 2025

அம்சவல்லிக்கு,

நலமா என்று கேட்கிற நிலையில் நாம் இரண்டு பேரும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி மாதப் படிவம் இந்த உறைக்குள் இருக்கிறது. உங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பேனாவால் போட்ட கையெழுத்துதான் வேண்டுமாம், போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாதாம். அந்த ஒரு காரணத்தால்தான் தபாலாபீஸ் வரை நடக்கிறேன்.

உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான். உன் அண்ணனைச் சந்தேகப்படாதே, அவருக்கு அதெல்லாம் செய்யத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை முழங்கால் சேற்றில் நின்று உப்புப் பாத்தியைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், நீ டேராடூனில் உட்கார்ந்துகொண்டு பதினோரு முறை போன் செய்கிறாய். தட்டை யார் தொட்டது, தட்டை யார் அசைத்தது. யாரும் இல்லை என்று பத்து முறை சொன்னேன். பதினோராவது முறை "பொய் சொல்றே சரண்யா"ன்னு சொன்னே. அப்போதுதான் பிளாக் செய்தேன்.

நான் உனக்கு அண்ணி. அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். போன சித்திரையில் நீ வந்து, நம் உப்பளத்து வரப்பின்மேல் மூன்று அலுமினியத் தகடுகளைப் பெட்டி மூலை மாதிரி சேர்த்துச் செய்த அந்தத் தட்டை நிறுத்திவிட்டு, "பத்திரமா பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனே. பத்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்த பரிசு பொய்க்காரி என்ற பட்டம்.

படிவத்தில் "கருவி நகர்த்தப்பட்டதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்திருக்கிறேன். வழக்கம்போல.

சரண்யா


டேராடூன்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் படிவமும் கிடைத்தன. பொய் என்று சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஜனவரி 19ஆம் தேதி காலை நம் கடலுக்குள் ஒரு சின்ன நிலநடுக்கம் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு செயற்கைக்கோள் நம் ஊருக்கு மேலே போனது, பிறகு 27ஆம் தேதி மறுபடி போனது. இரண்டு நாளும் அது அனுப்பிய ரேடார் அலை நம் தட்டில் பட்டுத் திரும்பியது. இரண்டையும் ஒப்பிட்டால் தட்டு பதினொரு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பெருமுக்கல் மலைப் பாறைமேல் நான் வைத்த இன்னொரு தட்டு இம்மிகூட அசையவில்லை. அதாவது பாறை அப்படியே இருக்க, கடலோர நிலம் மட்டும் எழும்பியிருக்கிறது. தட்டை யாரும் தொடவில்லை என்றால், இது நிலத்தின் வேலை. தொட்டிருந்தால், நான்கு வருஷம் வீண்.

இங்கே எல்லோரும் இமயமலையை அளக்கிறார்கள். அவர்களுக்கு நிலம் நன்றாகவே நகர்ந்து கொடுக்கிறது. நான் மட்டும் தட்டையான உப்புக் கரையை எடுத்துக்கொண்டேன் என்று என் கைடு முதல் நாளிலிருந்து கேலி செய்கிறார். உப்பளத்துத் தண்ணீர் ரேடாருக்கு வெறும் கறுப்பு. அலை சறுக்கி வேறு பக்கம் போய்விடும், திரும்பி வராது. அந்தக் கறுப்புக்கு நடுவில் எனக்கென்று இருப்பது தட்டு மட்டுமே, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. செப்டம்பரோடு என் ஆராய்ச்சிக் காலம் முடிகிறது.

ஆகவே மறுபடி கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுதுங்கள். 15ஆம் தேதிக்கும் 27ஆம் தேதிக்கும் நடுவில் தட்டின் பக்கம் யார் யார் போனார்கள்? விசாரித்துச் சொல்லுங்கள்.

அம்சவல்லி


மரக்காணம்
9 மார்ச் 2025

அம்சாவுக்கு,

இதென்ன திடீரென்று "நீங்கள்"? கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா முன்னால் என்னை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு, சமையலறையில் வந்து "ஏய்"ன்னு இடுப்பில் இடித்தவள்தானே நீ. கோபம் வந்தால் மரியாதை வந்துவிடுகிறது உனக்கு.

அந்த நடுக்கம் எனக்கே தெரியும். விடிந்தும் விடியாமலும் பாத்தியில்தான் நின்றேன். காற்றே இல்லை. திடீரென்று பாத்தித் தண்ணீர் முழுக்க, கொதிக்கப்போகிற உலைத் தண்ணீர் மாதிரி சிலிர்த்தது. ஒரு நாலு நொடி இருக்கும். பக்கத்துப் பாத்தியில் இருந்த பாப்பாத்தி, "எனக்குத்தான் தல சுத்துதுன்னு நெனச்சேன், ஒனக்கும் சுத்துதா"ன்னு கேட்டாள். நான் மணி பார்த்துப் படிவத்தின் பின்பக்கம் எழுதியும் வைத்தேன். நீ பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

விசாரிக்கச் சொன்னாய், விசாரித்தேன். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போக முடியாததால் 20ஆம் தேதி கிளியனூர் போய் 23ஆம் தேதி திரும்பினேன். அந்த மூன்று நாள் நான் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். வந்தவுடன் போய்ப் பார்த்தேன். தட்டு அதே இடத்தில், நீ போட்டுக்கொடுத்த குறிக்கு நேராக, நேர் மட்டமாக நின்றது. உன் அண்ணனைக் கேட்டேன், "நான் லாரி லோடு பாக்கப் போயிட்டேன், எனக்கு இன்னா தெரியும்"ன்னார். வரப்பு போடும் பச்சமுத்து அண்ணனைக் கேட்டேன். "யாரும் அத நவுத்தலம்மா. நா இருக்கறப்ப நவுத்த வுட்டுடுவனா"ன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. இந்த வருஷம் மழை சீக்கிரம் நின்றதால் வரப்பெல்லாம் புதிதாகப் போட்டு, பாத்தி மிதித்து, உப்பு எடுக்கவும் ஆரம்பித்துவிட்டோம். எல்லோருக்கும் தலைக்குமேல் வேலை. உன் தட்டை அசைத்து விளையாட இங்கே யாருக்கும் நேரமில்லை.

இன்னொன்று. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை காலை ஆறு மணிக்குள் போய் அதன்மேல் இருக்கிற காக்கை எச்சத்தைத் துடைக்கிறேன். பைக்கில் வந்து அதன்முன் நின்று செல்ஃபி எடுக்கிற பையன்களை விரட்டுகிறேன். உன் கடிதத்தில் தட்டு, தட்டு, தட்டு. சரண்யா என்று ஓரிடத்தில்கூட இல்லை.

படிவத்தில் "இல்லை".

சரண்யா


டேராடூன்
24 மார்ச் 2025

சரண்யா,

போதுமா? பெயர் எழுதிவிட்டேன். நன்றாக இருக்கிறாயா? அண்ணன் முதுகு வலி எப்படி இருக்கிறது?

படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நீ எழுதிய நேரம் நிலநடுக்க மானிப் பதிவோடு நிமிஷம் பிசகாமல் பொருந்துகிறது. கைடிடம் காட்டினேன். "யார் இந்த அப்சர்வர்?" என்று கேட்டார். என் அண்ணி என்றேன்.

நல்ல செய்தி. ஜூன் 11ஆம் தேதி நடக்கிற மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பிப்ரவரி, மார்ச் படங்களையும் பார்த்துவிட்டேன். உயர்ந்த தட்டு இப்போது மெல்ல மெல்ல இறங்குகிறது, இதுவரை மூன்று மில்லிமீட்டர். பூகம்பத்துக்குப் பிறகு நிலம் இப்படித்தான் அடங்கும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் கைடு முதல் தடவையாக என் தோளில் தட்டினார்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். மேலே எழுநூறு கிலோமீட்டரிலிருந்து மில்லிமீட்டர் எப்படித் தெரியும் என்பாய். செயற்கைக்கோளிடம் ஸ்கேல் கிடையாது. ஒரே ஒரு முள் உள்ள கடிகாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள். திரும்பி வரும் அலை முள்ளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்ப்போம். ஜனவரி 15இல் முள் பன்னிரண்டில் நின்றது. 27இல் நான்குக்குச் சற்று முன்னால் நின்றது. அந்த நகர்வுதான் பதினொரு மில்லிமீட்டர். நடுவில் முள் எத்தனை முழுச் சுற்று சுற்றியது என்று அது சொல்லாது. ஆனால் இத்தனை சின்ன நடுக்கத்தில் நிலம் ஒரு முழுச் சுற்று அளவுக்கு உயரவே முடியாது. அதனால் சுற்றுகளைப் பற்றிக் கவலை இல்லை.

ஒரே ஒரு வேலை உனக்கு. இத்துடன் ஓர் உறுதிமொழிக் கடிதம் வைத்திருக்கிறேன். கருவி நிறுவப்பட்ட நாள் முதல் எந்த விதத்திலும் நகர்த்தப்படவில்லை என்று நீ கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் கட்டுரை நிற்காது.

போனை எடேன்.

அம்சா


மரக்காணம்
10 ஏப்ரல் 2025

அம்சா,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் அண்ணன் சாட்சிக் கையெழுத்து. முதுகு அப்படியேதான் இருக்கிறது, மூட்டை தூக்காதீர்கள் என்றால் கேட்டால்தானே.

அந்தக் கடிகாரக் கதையைக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொல்லியிருக்கிறாய். நீ மறந்திருக்கலாம். ப்ளஸ் டூவில் கணக்கில் நான் 197, நீ 168. உனக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தது நான். உன் நோட்டில் என் கையெழுத்து இன்னும் இருக்கும், தேடிப் பார்.

அதனால் குழந்தைக் கதையை விட்டுவிட்டு எண்ணைச் சொல். ஒரு முழுச் சுற்று என்பது எத்தனை சென்டிமீட்டர்? செயற்கைக்கோள் நேர் மேலிருந்து பார்க்கிறதா, சாய்ந்து பார்க்கிறதா? சாய்வு என்றால் எத்தனை டிகிரி? சும்மா தெரிந்துகொள்ளத்தான். மத்தியானம் வெயிலில் பாத்தியில் இறங்க முடியாது. கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு மணி நேரம் மண்டைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

போனை எடுக்க மாட்டேன். எழுதும்போதுதான் நீ யோசித்துப் பேசுகிறாய்.

சரண்யா


டேராடூன்
22 ஏப்ரல் 2025

சரண்யா,

உறுதிமொழி கிடைத்தது. ரொம்ப நன்றி. மாநாட்டு வேலையில் தூங்கவே நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒரு சுற்று 2.77 செ.மீ. பார்வை சாய்வு 38 டிகிரி. அதைச் சரிசெய்தால் செங்குத்தாக ஒரு சுற்று 3.515 செ.மீ. இதெல்லாம் உனக்கு எதற்கு என்று தெரியவில்லை. 197 ஞாபகம் இருக்கிறது. நீயும் மறக்க விடமாட்டாய்.

அம்சா


மரக்காணம்
14 மே 2025

அம்சா,

இதை உட்கார்ந்து படி.

முந்தாநாள் கோடை மழை. தட்டு இருக்கிற வரப்பில் ஓரமாக ஓர் உடைப்பு. பச்சமுத்து அண்ணன் மண் போட வந்தார். மதகுப் பலகையைப் பிடுங்கி மேலே ஏற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, தட்டையும் தூக்கி வெச்சிடட்டா? தை மாசம் வெச்ச மாதிரியே."

"தைல தூக்கி வெச்சீங்களா?"ன்னு கேட்டேன்.

"பின்ன? நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களே, அப்பதான். வரப்பு போட்டா அது மேல நிக்கறதெல்லாம் ஏத்தி வெக்கறதுதான? பொதைய வுட்டுடுவாங்களா. ஒங்க நாத்தனாரு சாமான் ஆச்சேன்னு கவுறு கட்டி, மட்டம் பாத்து, ஒரு நூலு இந்தாண்ட அந்தாண்ட போவாம வெச்சேன்."

"நகர்த்தலைன்னு சொன்னீங்களே."

"நவுத்தலயே. அதே எடத்துலதான இருக்குது. வரப்பு ஏறிச்சு, அதுவும் ஏறிச்சு."

அவருக்கு நான் ஏன் முறைக்கிறேன் என்றே புரியவில்லை. எனக்கும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. வருஷா வருஷம் மழை கரைத்த வரப்பைத் தை மாதம் சேறு அள்ளி உயர்த்துவதும், அதன்மேல் இருக்கிற பலகை, கம்பம், சாமி கல் எல்லாவற்றையும் கூடவே ஏற்றுவதும் இங்கே யாரும் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. நீயும் இந்த ஊரில் பிறந்தவள்தான். நானும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை.

பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். தட்டின் நான்கு இரும்புக் கால்களுக்குப் பக்கத்திலும், அது ஆடாமல் வரப்பை மெல்லச் சீவினேன். பழைய வரப்பின் மேல்பக்கம் உப்புப் பூத்து வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அதற்கு மேலே புதுச் சேறு. ஸ்கேல் வைத்து நான்கு இடத்திலும் அளந்தேன். 21.9 சென்டிமீட்டர்.

ஆறு சுற்று என்றால் ஆறு பெருக்கல் 3.515, அதாவது 21.1. உன் 1.1ஐக் கூட்டினால் 22.2. மேலே எழுநூறு கிலோமீட்டர், இங்கே பள்ளிக்கூட ஸ்கேல், நடுவில் மூன்று மில்லிமீட்டர் உதைக்கிறது. அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று நீயே எழுதியிருக்கிறாய். தட்டு மெல்ல இறங்கியது என்றாயே, கைடு தோளில் தட்டினாரே, அது நிலம் அடங்கியது இல்லை. ஈரச் சேறு காய்ந்து அமுங்கியது.

உன் முள் ஆறு முறை முழுதாகச் சுற்றிவிட்டுத்தான் நான்குக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. நிலம் எழும்பவில்லை அம்சா. பச்சமுத்து அண்ணன் எழுப்பியிருக்கிறார்.

நான் கையெழுத்துப் போட்டது பொய். தெரியாமல் போட்டதுதான், ஆனாலும் பொய். இப்போது என்ன செய்ய வேண்டுமோ செய்.

சரண்யா


டேராடூன்
24 மே 2025

சரண்யா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மாநாட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள். பிப்ரவரியில் கேட்டேன், மார்ச்சில் கேட்டேன். பதினோரு முறை போன் செய்தது இதற்காகத்தானே? அப்போது ஒரு வார்த்தை சரியாக விசாரித்திருந்தால் போதும். வரப்பு போட்டீர்களா என்று அவரை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இப்போது வந்து அரிவாளால் சீவி, ஸ்கேல் வைத்து அளந்து, ஆறு சுற்று என்று கணக்குப் போட்டு அனுப்புகிறாய். உனக்கு அதில் எத்தனை சந்தோஷம் என்று உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. உனக்கு வீடு இருக்கிறது, அண்ணன் இருக்கிறார், பாத்தி இருக்கிறது. நான் இருபத்தொன்பது வயதில் ஹாஸ்டல் அறையில் கிடக்கிறேன். இதுவும் போனால் நான் ஊருக்கு எந்த முகத்தோடு வருவது?

நன்றாகக் கேள். நடுக்கம் வந்தது உண்மை. நிலம் கொஞ்சமாவது அசைந்திருக்கலாம், யார் கண்டது. இங்கே யாரும் மரக்காணம் வந்து வரப்பை வெட்டிப் பார்க்கப் போவதில்லை. நீயும் பச்சமுத்து அண்ணனும் பேசாமல் இருந்தால் போதும். உன் உறுதிமொழி என்னிடம் இருக்கிறது. இதைப் பற்றி இனி எழுதாதே.

அம்சவல்லி


மரக்காணம்
1 ஜூன் 2025

அம்சவல்லி,

எழுதாதே என்று சொன்னாய். எழுதுகிறேன்.

கிழித்தாயே, அதன் நகல் என்னிடம் இருக்கிறது. கணக்குப் போடுகிறவள் ரஃப் நோட்டை வைத்துக்கொள்வாள், அதுவும் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆமாம், சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். 21.1ஐயும் 1.1ஐயும் கூட்டிவிட்டு ஸ்கேலைப் பார்த்தபோது, கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பத்து வருஷத்துக்கு அப்புறம் ஒரு விடை சரியாக வந்தது. அடுத்த நிமிஷமே உன் முகம் ஞாபகம் வந்து அழுதேன். இரண்டும் நடந்தது. நீ நம்பினால் நம்பு.

எனக்கு வீடு இருக்கிறது என்கிறாய். அது எப்படி வந்தது என்று யோசித்தாயா? திண்டிவனம் காலேஜில் பி.எஸ்சி. கணக்குக்கு விண்ணப்பம் எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன். உங்கள் அம்மா பெண் கேட்டு வந்தார்கள். "எனக்கு அண்ணியா வந்தா சரண்யாதான் வரணும்"ன்னு அழுது அடம்பிடித்து அனுப்பியது நீ. அன்றைக்கு எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, நீ எப்போதும் என்னோடு இருப்பாய் என்று நினைத்தேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம் நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். உன் அண்ணன் நல்லவர்தான், அவரைச் சொல்லவில்லை. ஆனால் இந்த வரப்பின்மேல் நீ கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனது தட்டை மட்டும் இல்லை. நான் நகராமல் இங்கே நின்றால்தானே நீ எவ்வளவு தூரம் போனாய் என்று அளக்க முடியும்.

அதை நான் பத்து வருஷம் பொறுத்தேன். என் கையெழுத்துப் போட்ட பொய்யை இன்னும் பத்து நாள்கூடப் பொறுக்க மாட்டேன். பிப்ரவரியில் என்னைப் பொய்க்காரி என்றாய், அப்போது நான் இல்லை. இப்போது நீயே ஆக்கப் பார்க்கிறாய்.

உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன் என்று தனித் தாளில் எழுதி, கணக்கையும் சேர்த்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் கைடுக்கு நேராக அனுப்ப எனக்கு முகவரி தெரியும், படிவத்தின் அடியில் அச்சடித்தே இருக்கிறது. அனுப்பவில்லை. உன்னிடம்தான் தருகிறேன். நீ கொடுப்பாய் என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் அடுத்த மாதப் படிவம் உனக்கு வராது.

சரண்யா


டேராடூன்
5 ஜூலை 2025

சரண்யா,

உன் கடிதம் ஜூன் 7ஆம் தேதி வந்தது. இரண்டு நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். 9ஆம் தேதி காலை கைடு அறைக்குப் போய் மேசைமேல் வைத்தேன்.

தமிழ்த் தாள் என்பதால் ஒவ்வொரு வரியாக நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நிறுவப்பட்ட கருவி உயர்த்தப்பட்டது, உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன் என்று என் வாயாலேயே சொன்னேன். அவ்வளவு சமதளமான இடத்துக்கு ஏன் போனாய் என்று முதல் நாளே கேட்டேனே என்றார் அவர். கான்கிரீட் அடித்தளம் ஏன் போடவில்லை என்று கேட்டார். கான்கிரீட் போட்டால் வரப்பு வெடிக்கும் என்று அண்ணன் சொன்னதையும், அதற்காக வேறு இடம் பார்க்க நான் சோம்பல்பட்டு நான்கு இரும்புக் காலோடு நிறுத்திவிட்டதையும் சொன்னேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பச்சமுத்து அண்ணன் கொஞ்சம் அலட்சியமாகக் கோணலாக வைத்திருந்தால்கூட எனக்கு அன்றே தெரிந்திருக்கும். அவர் அத்தனை கவனமாக வைத்ததால்தான் நான் ஏமாந்தேன்.

கட்டுரையை வாபஸ் வாங்கிவிட்டோம். மாநாட்டு அட்டவணையில் என் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தார்கள். ஆராய்ச்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன், கிடைக்குமா தெரியாது. மறுபடி ஒரு நடுக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது.

கைடு உன் கணக்குத் தாளைத் திருப்பித் தரவில்லை. நேற்று முதலாமாண்டு மாணவர்களுக்கு முள்கடிகாரக் குழப்பத்தை விளக்க அதைத்தான் பலகையில் எழுதினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நியாயமாக அங்கே நிற்க வேண்டியவள் நீ. அம்மாவிடம் அடம்பிடித்த அன்று எனக்குப் பதினெட்டு வயது. உன்னை விட்டு இருக்க முடியாது என்றுதான் அடம்பிடித்தேன். பிறகு நானே விட்டுவிட்டுப் போனேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் இத்தனை வருஷம் தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வேட்டில் நன்றி சொல்கிற பக்கத்தில் உன் பெயரைப் போடலாமா?

போனை எடு என்று கேட்க மாட்டேன்.

அம்சா


மரக்காணம்
17 ஆகஸ்ட் 2025

அம்சா,

கோடு போட்ட அட்டவணையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு உன் அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நான் செய்தது சரிதான், ஆனாலும் மனசு ஆறவில்லை.

பச்சமுத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "அந்தப் பொண்ணு படிப்பு நம்மளால கெட்டுப்போச்சா"ன்னு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்தார். பாத்திக்கு வெளியே, பழைய கொட்டகைக்குப் பின்னால் வரப்பே வராத மேட்டில், நாலு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி கான்கிரீட் போட்டாயிற்று. படம் வரைந்து, அளவெல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். தட்டை அங்கே மாற்றிய நாளும் நேரமும் அதில் இருக்கிறது. உன் கைடுக்குக் காட்டு. "இனிமே எவன் வந்தாலும் தூக்க முடியாது, நா உட்பட"ன்னு சொல்லச் சொன்னார்.

நன்றி சொல்கிற பக்கத்தில் என் பெயரைப் போடாதே. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அம்மா பெயர், சாமி பெயர், நாய்க்குட்டி பெயர்கூடப் போடுகிறார்கள். ஆறு சுற்று என்று கணக்கு வருகிற இடத்தில் போடு, கணக்குப் போட்டவள் என்று.

போன் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை கை போயிற்று. உன்மேல் இருக்கிற கோபம் பாதிதான் தீர்ந்திருக்கிறது, மீதியை எழுதித் தீர்க்கிறேன்.

ஆகஸ்ட் மாதப் படிவத்தை முன்கூட்டியே அனுப்புகிறேன், காரணம் கீழே. அந்த "கருவி நகர்த்தப்பட்டதா?" கேள்விக்கு முதல் தடவையாக "ஆம்" என்று டிக் அடித்து, எங்கிருந்து எங்கே என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடியில் "பொறுப்பாளர் இல்லாத நாட்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதினாறு மாதமாக அதை வெறுமனே விட்டு வந்தேன். கிளியனூர் போன மூன்று நாளைக்கூட அதில் எழுதத் தோன்றவில்லை. உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "அப்போ பாத்திய யாரு பாப்பா?"ன்னு கேட்டார். "நீங்கதான்"னு சொன்னேன். தட்டைத் துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனார்.

அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது இதுதான்: "ஞாயிற்றுக்கிழமைகள். திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணக்கு வகுப்பு, தொலைநிலைக் கல்வி, மூன்று வருஷம்."

சரண்யா